பிறர் கண்களால் ஒரு பயணம்

உலகச் சாதனை என்றவுடன் நம் மனக்கண்முன் தனியொருவர் வந்து நிற்பதே வழக்கம். ஓடியவர், நீந்தியவர், மலையேறியவர் என யாரேனும் ஒருவர். பதக்கம் அணிய ஒரு கழுத்துதானே வேண்டும்! எனினும் சாதனைப் பட்டியல்களின் ஓரத்தில், பெரும்பாலோர் புரட்டாமலே விட்டுவிடும் பக்கங்களில், மாதிரி விமானங்கள் என்னும் ஒரு சிறு பிரிவு உண்டு. அங்கே ஒருவர் பெயருக்குப் பின்னால் பலர் நிற்கிறார்கள். அவர்களுள் ஒரு குழுவின் கதை நம்மை நெடுநாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், இந்தச் சிறு விமானங்களைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். வாசக அன்பர்களுள் பலருக்கு இவை குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவே தோன்றக்கூடும்.

நாம் கல்லூரியில் பயின்ற காலத்தில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் இருந்தோம். அணிவகுப்பைவிட நம்மைக் கவர்ந்தது மாதிரி விமானம் செய்யும் வகுப்புதான். பால்சா என்னும் எடையற்ற மரத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது, இது மரமா, மரத்தின் நினைவா என்று ஐயமுற்றோம். சவர பிளேடால் வெட்டலாம்; நகம் பட்டாலே பள்ளம் விழும். இறக்கையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, மேலே மெல்லிய தாளைப் போர்த்தி, டோப் என்னும் பூச்சைத் தடவுவோம். தாள் முரசுத் தோல்போல் இழுத்துக்கொண்டு விறைக்கும். அந்தப் பூச்சின் நெடி இன்றும் எங்கேனும் வீசினால் நாம் ஒரு கணம் நின்றுவிடுகிறோம்.

அன்று நாம் பறக்கவிட்டவை கையால் எறியும் கிளைடர்களும், இரு கம்பிகளில் கட்டி நம்மைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும் சிறு எஞ்சின் விமானங்களும்தான். ரேடியோவால் இயக்கும் விமானத்தைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தோம். பின்னாளில் அதன் நுட்பத்தைக் கற்றபோது நம்மை வியப்பில் ஆழ்த்தியது விமானமன்று, ஒரு துணிக்கிளிப்!

விளக்கிச் சொல்வோம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அலைவரிசை உண்டு. அதே அலைவரிசையில் வேறொருவர் தம் கருவியை முடுக்கிவிட்டால், வானில் பறந்துகொண்டிருக்கும் விமானம் யார் சொல்லைக் கேட்பதென்று அறியாமல் தரையில் விழுந்து நொறுங்கும். ஆகவே பறக்கும் திடல்களில் ஒரு பலகை வைத்தார்கள். ஒவ்வோர் அலைவரிசைக்கும் எண்ணிட்ட ஒரு துணிக்கிளிப் அதில் மாட்டியிருக்கும். கிளிப் எவர் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே கருவியை முடுக்கலாம். முடித்ததும் அதை மீண்டும் பலகையில் மாட்டிவிட வேண்டும். காவலரும் இல்லை, பூட்டும் இல்லை. பலருடைய பல மாத உழைப்பு அந்தக் கிளிப்பை நம்பி வானில் மிதந்தது. அமெரிக்காவில் இவ்விமானங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 50 அலைவரிசைகளே இருந்தன. ஆகையால் ஒரே திடலில், ஒரே நேரத்தில், 50 பேருக்கு மேல் பறக்கவிட இடமில்லை. 2005-க்குப் பிறகு, தமக்குரிய இடத்தைத் தாமே தேடிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவின. கிளிப்புக்கு வேலை குறைந்தது. அதன் பயனாகவே 2016-இல் ஒஹையோ மாநிலத்தின் மால்வெர்னில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை ஒரே நேரத்தில் வானில் நிறுத்திக் கின்னஸ் சாதனை படைக்க முடிந்தது. அதுவும் குழுச் சாதனைதான். கண்கொள்ளாக் காட்சியாகவும் இருந்திருக்கும். ஆனால் நம் உள்ளம் நாடுவது ஒரே ஒரு விமானம் பறந்த சாதனையை. அதைப் பெரும்பகுதி நேரம் யாருமே பார்க்கவில்லை.

மேனார்டு ஹில் என்பவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வாழ்ந்தவர், தொழிலால் உலோகவியலாளர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். மாதிரி விமானச் சாதனைகள் பலவற்றைத் தம் பெயரில் வைத்திருந்தார். 1970-இல் அவர் அனுப்பிய மாதிரி விமானம் ஏறத்தாழ 8,200 மீட்டர் உயரத்தை எட்டியது. எவரெஸ்ட் சிகரத்தோடு ஒப்பிட்டால், கையில் தூக்கிச் செல்லும் அந்தப் பொம்மை எட்டிய உயரம் விளங்கும். இத்தகைய மனிதருக்கு முதுமையில் ஓர் ஆசை பிறந்தது. மாதிரி விமானம் ஒன்றை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அனுப்ப வேண்டும்!

கேட்டவர்கள் சிரித்திருந்தால் அவர்களைக் குறைகூற முடியாது. மாதிரி விமானம் என்பதற்கு உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு எல்லை வகுத்திருந்தது. எரிபொருளோடு சேர்த்து எடை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. எஞ்சினின் கொள்ளளவு பத்து கன சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. அதாவது, ஒரு சிப்பம் அரிசியைவிடக் குறைந்த எடையில் உடல், எஞ்சின், கருவிகள், மின்கலம், கடலைக் கடக்கும் எரிபொருள் அனைத்தும் அடங்க வேண்டும். கடலோ மூவாயிரம் கிலோமீட்டர்.

வேறொன்றையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆளில்லாமல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் விமானம் ஹில்லினுடையதன்று. 1998-இல் ஏரோசோன்டு வகையைச் சேர்ந்த வானிலை ஆய்வு விமானம் ஒன்று நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் தீவொன்றைச் சென்றடைந்தது. ஆனால் அது மாதிரி விமானத்துக்குரிய எடை எல்லைக்குள் அடங்காதது. ஹில்லின் குழுவோ பொழுதுபோக்காளர்களின் குழு.

இனி அந்தப் பெரியவரின் நிலையைப் பார்ப்போம். முயற்சி கனிந்த 2003-இல் அவருக்கு வயது 77. சட்டத்தின் கணக்கில் பார்வையற்றவர் என்று சொல்லத்தக்க அளவுக்குக் கண்கள் மங்கியிருந்தன. செவியும் பெருமளவு குன்றியிருந்தது. ரேடியோ விமானத்தை ஓட்டுபவருக்கு வேண்டியவை அவ்விரண்டுமே. கண் விமானத்தின் சாய்வைச் சொல்லும்; செவி எஞ்சினின் நலத்தைச் சொல்லும். அவருக்கோ தாம் வடிவமைத்த விமானத்தைத் தாமே ஓட்டும் வழி அடைபட்டிருந்தது.

இங்கேதான் குழு உருவாகிறது. மேரிலாந்தைச் சுற்றியிருந்த நண்பர்கள் பலர் சேர்ந்தார்கள். மின்னணுவியல் அறிந்தவர்கள் செயற்கைக்கோள் வழியே தன் இருப்பிடத்தைக் கண்டறிந்து திசை திருத்திக்கொள்ளும் தானியங்கிக் கருவியை உருவாக்கினார்கள். பீச்சர் பட்ஸ் என்பவர் தம் பண்ணை நிலத்தைச் சோதனைப் பறப்புகளுக்குத் திறந்துவிட்டார். மாதக்கணக்கில் அங்கே வட்டமிட்டு வட்டமிட்டு எரிபொருளின் ஒவ்வொரு துளிக்கும் கணக்குப் பார்த்தார்கள். ஹில் கைகள் அறிந்த வேலையை விடவில்லை. பால்சாவையும் உப்புத்தாளையும் அறிந்த விரல்களுக்கு விளக்கு வெளிச்சம் அத்தனை அவசியமில்லை போலும்.

எரிபொருளின் கதை தனியே சொல்லத்தக்கது. மாதிரி விமான எஞ்சின்கள் வழக்கமாக மெத்தனாலில் ஓடுபவை. மெத்தனாலில் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் பெட்ரோல் வகையில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. அதைக் கொண்டு நடுக்கடல் வரைகூடப் போக இயலாது. ஆகவே கூடாரங்களில் ஏற்றும் கோல்மன் விளக்கின் எரிபொருளைத் தேர்ந்தார்கள். நம் ஊர்த் தேர்ப்பவனிகளில் தலைமேல் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸை நினைவில் கொள்க. அது மண்ணெண்ணெயில் எரிவது, இது அதனினும் தெளிந்த, பெட்ரோலை ஒத்த திரவத்தில் எரிவது. நான்கடி எஞ்சின் ஒன்றை அந்த விளக்கெண்ணெய்க்குப் பழக்கினார்கள். (நாம் சொல்வது விளக்கு எரிக்கும் எண்ணெய், ஆமணக்கெண்ணெய் என்று எவரும் கொள்ளற்க!) இறுதியில் மணிக்கு நூறு மில்லிலிட்டருக்கும் குறைவாகவே, ஒரு சிறு தேநீர்க் குவளை அளவே, அது குடித்தது. புறப்படும் வேளையில் விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி எரிபொருளாகவே இருந்தது.

புறப்படும் இடமாக அவர்கள் தேர்ந்தது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள கேப் ஸ்பியர் முனை. வட அமெரிக்காவின் கிழக்குக் கோடி அது. இறங்கும் இடம் அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளிஃப்டன் நகருக்கு அருகிலுள்ள மேனின் கடற்கரை. இவ்விரு முனைகளும் வரலாற்றில் முன்பே இணைந்தவை. 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்னும் இருவர் இடைநில்லாமல் அட்லாண்டிக்கை முதன்முதலாகப் பறந்து கடந்தது நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து கிளிஃப்டன் அருகிலுள்ள சதுப்பு நிலம் வரைதான். மேலிருந்து பசும்புல் வெளியாகத் தெரிந்த இடம் சேறாக இருக்கவே, விமானம் மூக்குக் குத்தி நின்றது. வீரர்கள் எழுந்து நடந்தார்கள். அருகில் இருந்தது மார்க்கோனியின் வானொலி நிலையம். அதற்கும் முன்னதாக, 1901 டிசம்பரில், அதே மார்க்கோனி செயின்ட் ஜான்ஸின் சிக்னல் குன்றில் பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அதில் கட்டிய கம்பியின் வழியே கடல் கடந்து வந்த மூன்று புள்ளிகளின் ஒலியைக் கேட்டார். பட்டமும் ரேடியோவும் அங்கே அன்றே கைகோத்துவிட்டன.

2002 ஆகஸ்டில் முதல் முயற்சி. மூன்று விமானங்கள் புறப்பட்டன; ஒன்றும் அக்கரை சேரவில்லை. ஓராண்டு திருத்தினார்கள். 2003 ஆகஸ்ட் 8-ஆம் நாள் நான்காவது புறப்பட்டது. அதையும் கடல் எடுத்துக்கொண்டது. பெட்டியில் மிஞ்சியிருந்தவற்றுள் ஐந்தாவதை மறுநாளே எடுத்தார்கள்.

அந்த ஓரிரவைப் பற்றி நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நான்கு விமானங்கள் போயின. இரு கரைகளிலும் ஆட்கள் தம் செலவில், தம் விடுமுறையில், வந்து தங்கியிருக்கிறார்கள். இவ்வளவும் யாருடைய ஆசைக்காக? கண் தெரியாத ஒரு முதியவரின் ஆசைக்காக. குழு என்பது சிதற வேண்டுமானால் அதைவிட ஏற்ற இரவு வாய்க்காது. எவரேனும் ஒருவர் முகம் சுளித்திருந்தால் போதும். சிதறவில்லை. அதற்கு அவர் மீதிருந்த அன்பு காரணமா, கணக்குகள் மீதிருந்த நம்பிக்கை காரணமா என்று நம்மைக் கேட்டால், கணக்குகளே என்போம். அன்பு அவர்களை அங்கே அழைத்து வந்திருக்கலாம். ஆனால் அந்த எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை அவர்கள் பண்ணையில் கண்ணாரக் கண்டிருந்தார்கள்.

இதை எழுத அமர்ந்ததற்கு நமக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. ஆண்டுகள் பலவாக, சனிக்கிழமை மாலைகளில் பங்கின் சிறுவர்கள் சிலரைக் கூட்டி வைத்துக் கிளைடர் செய்யக் கற்பித்து வந்தோம். சென்ற ஆண்டு நாளிதழின் வரிகள் நடுவில் வளையத் தொடங்கின. கதவின் நிலை நேராக இல்லை என்று தச்சரைக் கூட அழைத்தோம்! மருத்துவர் சோதித்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது, ஓரப்பார்வை நிற்கும், நுண்ணிய வேலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். குறைத்துக்கொள்வதாவது! விலா எலும்பின் விளிம்பை நாம் இப்போது காண்பதில்லை. காண விரும்பும் இடத்தில் சரியாக ஒரு சாம்பல் புள்ளி வந்து அமர்கிறது.

ஹில்லின் கதையை யாரேனும் ஆறுதலாகச் சொன்னால் நாம் ஏற்பதில்லை. இழந்தது இழந்ததுதான். விமானம் வளைந்து திரும்புகையில் இறக்கையில் வெயில் மின்னும் அந்தக் கணத்துக்காகவே பலர் இத்தொழிலில் வாழ்நாளைக் கழிக்கிறார்கள். அதை எந்தச் சாதனையும் ஈடுசெய்யாது. நாம் அவரிடம் தேடுவது வேறு. பிறர் கையில் பிளேடைக் கொடுக்கும்போது அவர்கள் நம்மைப் போல வெட்டுவதில்லை. சற்று அகலமாக வெட்டுவார்கள். பசையை மிகுதியாக இடுவார்கள். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இப்போது நமக்காக வெட்டுகிறான். “ஐயா, சரியா இருக்கா, தொட்டுப் பாருங்க” என்று நீட்டுகிறான். விரலால் தடவி, “இன்னும் ஒரு தேய்ப்பு” என்கிறோம். அவன் தேய்க்கிறான். அவன் வெட்டியதே சரியாக இருந்து, நம் விரல்தான் பழைய அளவையே நாடுகிறதோ என்னும் ஐயமும் சில வேளை எழுகிறது. எத்தனை விமானங்களை ஹில் இவ்வாறு தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருப்பார்! எத்தனை முறை வாய் திறவாமல் ஏற்றிருப்பார்!

ஆகஸ்ட் 9-ஆம் நாள், கேப் ஸ்பியரில் மாலை ஏழே முக்கால் மணி. ஐந்தாவது விமானத்தை ஹில் தம் கையாலேயே எறிந்தார். எறிவதற்குக் கண் வேண்டியதில்லை. தோளும், காற்று எங்கிருந்து வீசுகிறதென்று அறியும் கன்னமும் போதும். வேறொருவர் ரேடியோவால் அதை 300 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி நிலைநிறுத்தினார். பிறகு தானியங்கிக் கருவி பொறுப்பேற்றது. சிறிது நேரத்தில் எஞ்சின் ஓசை அடங்கியது. ஆறடி இறக்கை கொண்ட அந்தப் பால்சாத் துண்டு இருளும் கடலுக்குமேல் கிழக்கு நோக்கிப் போயிற்று.

கருவிதானே ஓட்டியது, இதில் மனிதரின் திறமை எங்கே என்று கேட்போர் உண்டு. ஏறுவதும் இறங்குவதும் மனிதர் கையால் நடக்க வேண்டும் என்பது விதி. இறங்குவதும் கண்ட இடத்திலன்று. முன்கூட்டியே குறித்துக் கொடுத்த புள்ளியிலிருந்து 500 மீட்டருக்குள் இறங்கினாலன்றி நேர்கோட்டுத் தொலைவுச் சாதனை ஏற்கப்படாது. இடையில் உள்ள கடலைக் கருவியிடம் ஒப்படைத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கருவிக்கு என்ன தெரிய வேண்டும், காற்று பக்கவாட்டில் தள்ளினால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து அதற்குள் வைத்தவர்கள் மனிதர்கள்தாமே.

அந்த முதல் இரவு கடந்தது. பத்தாம் நாள் பகல் முழுவதும் கடந்தது. செயற்கைக்கோள் வழியே அவ்வப்போது விமானத்தின் இருப்பிடம் வந்துகொண்டிருந்தது. இரு கரைகளிலும் இருந்தோர் வரைபடத்தில் புள்ளிகளைக் கண்டார்கள், அவ்வளவே. ஒரு கட்டத்தில் அச்செய்தியும் நின்றுபோய்ச் சில மணி நேரம் ஒன்றும் வரவில்லை. அந்நேரத்தில் பார்வையுள்ளவரும் பார்வையற்றவரும் ஒரே நிலையில் இருந்தார்கள். கடல்மேல் எங்கோ பறக்கிறதா, முந்தைய நான்கோடு சேர்ந்துவிட்டதா என்று அறிய யாரிடமும் கண் இல்லை. பிறகு புள்ளிகள் மீண்டும் வரத் தொடங்கின. இரண்டாம் இரவும் கழிந்தது.

அயர்லாந்துக் கரையில் காத்திருந்தவர் டேவ் பிரவுன். அமெரிக்க மாதிரி விமானக் கழகத்தின் அந்நாளையத் தலைவர். 1919-இல் வழிகாட்டியாக வந்தவரும் ஒரு பிரவுன் என்பதை அவரே எண்ணிப் புன்னகைத்திருக்கக் கூடும். ஆகஸ்ட் 11, அயர்லாந்து நேரம் பிற்பகல் இரண்டு மணி அளவில் மேற்கு வானில் ஒரு புள்ளி தெரிந்தது. எல்லைக்குள் வந்ததும் அவர் ரேடியோவால் அதைத் தம் வசப்படுத்தி, சுற்றி வரச் செய்து, மேனின் கடற்கரையில் இறக்கினார். பறந்த நேரம் 38 மணி, 52 நிமிடம், 19 வினாடி. தொலைவு ஏறத்தாழ 3,030 கிலோமீட்டர். அன்று அதுவே தொலைவுக்கும் நேரத்துக்கும் உலகச் சாதனை. தொட்டியைத் திறந்து பார்த்தபோது எரிபொருள் அடியில் மிகச் சிறிதளவே எஞ்சியிருந்தது. எதிர்க்காற்று சற்றே வீசியிருந்தால் கரை தெரியும் தொலைவில் எஞ்சின் நின்றிருக்கும்.

ஹில் அப்போது நியூஃபவுண்ட்லாந்தில்தான் இருந்தார். தம் விமானம் தரை தொட்டதை அவர் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தார். 2011 ஜூனில், தம் 85-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அந்த விமானத்துக்குக் குழு வைத்திருந்த எண் ஐந்து. அதற்கு ஒரு பெயரும் உண்டு. 1927-இல் லிண்ட்பர்க் தனியே கடலைக் கடந்த விமானத்தின் பெயரான ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயி’யை நினைவூட்டும்படி வைத்த பெயர். ஆனால் அதில் ஹில்லின் பெயர் இல்லை. பெருநகரம் எதன் பெயரும் இல்லை. மாதக்கணக்கில் அதைச் சுற்றவிட்ட அந்தப் பண்ணையின் பெயரையே சூட்டினார்கள்: ‘ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்’.